மடியில் மூன்று பீஸ் கட்டைகள்

மோட்டார்ப் பெட்டியிலிருந்து பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கிக் கொண்டுவந்து நாகலெட்சுமியின் மடியில் போட்டான் சோணைமுத்து.

"முடிஞ்சு வச்சுக்க. மோட்டார் வெளிய வந்துருச்சுன்னு நான் சொல்லுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

அவள் முந்தானையில் வைத்து முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சு. வேப்ப மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முடிச்சின்மேல் வைத்துக்கொண்டாள்.

கள்ளியேந்தலில் இது வழக்கமாகிப் போயிருந்தது. பக்கத்து ஊரில் ஒருவன் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் வந்த இன்னொருவன், பாவம், பீஸ் கழன்று கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தில் கட்டையை மாட்டிவிட்டுப் போனான். கிணற்றுக்குள் இருந்தவன் ஏறி வரவில்லை. அதற்குப் பிறகு இந்த ஊரில் யார் மோட்டாரில் கை வைத்தாலும், பீஸ் கட்டைகள் முதலில் அந்த வீட்டுப் பெண்ணின் மடிக்குப் போய்விடும். வேலை முடிகிறவரை அவள் எழுந்திருக்கமாட்டாள். தாகம் எடுத்தால் யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கட்டை மடியில் இருந்தால் கட்டினவன் உயிருக்குப் பயமில்லை என்று பெண்கள் நம்பினார்கள். ஆண்களும்தான்.

நாகலெட்சுமிக்கு மட்டும் அன்றைக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

முந்தின நாள் உச்சிவெயிலில் போர்க் கிணற்றுப் பக்கம் வந்தபோது, தரைக்கு மேலே முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் கையை ஊன்றிக் குனிந்தாள். முழங்கை வரை 'சுர்' என்று எதுவோ ஏறியது. கையை உதறிக்கொண்டு விலகிப் பார்த்தாள். குழாய் சும்மா நின்றது. மோட்டார் ஓடி நாளாகியிருந்தது. சுவிட்சும் போடவில்லை. இன்னொரு தடவை தொட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். சோணைமுத்து சிரித்தான். "ஓடாத மோட்டாரு எப்பிடிடீ ஒன்னையப் புடிக்கும்? வெயில்ல இரும்பு கொதிச்சுக் கெடந்திருக்கும்."

"சுட்டதுக்கும் சுர்ருங்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"தெரியும், தெரியும். நீதான் கரண்டாபீஸ் இஞ்சினியரு."

அத்தோடு பேச்சு முடிந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துப் பங்குனி அது. மழை பொய்த்துக் கண்மாயெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உப்பூர்ப் பக்கமிருந்து வரும் கடல் காற்றில் உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது. எங்கே துளை போட்டாலும் சவர்த் தண்ணீர்தான். சோணைமுத்து புஞ்சையில் மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர் விழுந்திருந்தது. மிளகாய்க்குப் பாய்ந்தது போக, ஊர்ப் பெண்கள் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்து பிடித்துப் போவார்கள். அந்த மோட்டார்தான் உறுமுகிறதே தவிர, தண்ணீரைத் தூக்கவில்லை. மிளகாய்ச் செடி இரண்டாம் காய்ப்புக்குப் பூவெடுத்து நின்றது. ஒரு தண்ணீர் காட்டாவிட்டால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும்.

அதனால்தான் சோணைமுத்து விடியற்காலையிலேயே தேவிபட்டினம் போய் ஹமீது சுல்தானைக் கூட்டி வந்துவிட்டான். சுற்றுவட்டாரத்தில் நீர்மூழ்கி மோட்டார் இறக்குகிறதும் ஏற்றுகிறதும் ஹமீதுதான். கனத்த ஆள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். முக்காலிக் கம்புகள், செயின் பிளாக், கிளாம்பு எல்லாம் ஒரு மாட்டுவண்டியில் பின்னால் வந்து இறங்கின. ஒத்தாசைக்குப் பக்கத்துப் புஞ்சை மூக்கையா வந்திருந்தான். சோணைமுத்துவுக்குப் பங்காளி முறையில் தம்பி. கூப்பிடாமலே வருகிறவன்.

ஹமீது ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மச்சான், இது என்ன?"

பச்சைப் பட்டனுக்கு மேலே ஒரு குச்சியைச் செருகி, துணியால் சுற்றிக் கட்டியிருந்தது.

"நின்னு நின்னு போச்சு பாய். அதான் குச்சி வச்சு அமுக்கிவிட்டேன்."

"அது நிக்குதுன்னா வேணாம்னு சொல்லுதுய்யா. மூச்சு முட்டுதுங்குறவன் வாயைப் பொத்தி வேலை வாங்குவீகளா? உள்ள காயில் கம்பி கருகியிருக்கும், பாருங்க."

"கருகியிருக்காது பாய்," என்றான் சோணைமுத்து, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

நாகலெட்சுமி மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணே, அந்தக் குழாயில நேத்து எனக்கு சுர்ருன்னுச்சு. இவுக கேக்க மாட்டேங்குறாக. நீங்க ஒரு தடவை பாருங்க."

"பாத்துருவோம் தங்கச்சி." ஹமீது சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்தார். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். "ஒண்ணும் எரியல. கட்டை மூணும் ஒன் மடியில இருக்கு. எங்கேருந்து வரும்?"

"நேத்தும் மோட்டாரு ஓடலைண்ணே."

"மதினிக்குத் தண்ணி வராத கவலை," என்றான் மூக்கையா. "கவலையில கை நடுங்கியிருக்கும்."

"ஏன் தம்பி, நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்."

மூக்கையா போய்க் குழாயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பதுபோல் நடித்தான். ஆண்கள் சிரித்தார்கள். நாகலெட்சுமியால் சிரிக்க முடியவில்லை.

வேலை தொடங்கியது. போருக்கு நேர் மேலே முக்காலியை விரித்து நிறுத்தினார்கள். செயினை மூக்கையா இழுக்க இழுக்க, உள்ளே மோட்டாரைத் தாங்கியிருந்த தண்ணீர்க் குழாய் கரகரவென்று மேலேறி வந்தது. ஒரு நீளம் முழுசாக வந்ததும், அதன் கழுத்தில் கிளாம்பைப் பூட்டி, போரின் இரும்பு வாயில் உட்கார வைப்பார்கள். கொக்கியை விடுவித்து, மேல் குழாயைப் பெரிய ஸ்பேனர் போட்டுத் திருகிக் கழற்றிக் கீழே கிடத்துவார்கள். பிறகு மறுபடி கொக்கி, மறுபடி செயின். கூடவே வருகிற கேபிளைச் சோணைமுத்து சுருட்டிக்கொண்டே வந்தான்.

"கிளாம்பு நழுவிச்சுன்னா மோட்டாரு பாதாளத்துக்குப் போயிரும். பிறகு நீங்களும் நானும் எட்டிப் பாத்து ஸலாம் போட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்," என்றார் ஹமீது. "கிளாம்பு போல்ட்டைப் பாத்து இறுக்குங்க மச்சான்."

ஒவ்வொரு தடவை சோணைமுத்து அந்தக் குழாயில் கை வைக்கும்போதும் நாகலெட்சுமி முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். அவன் கையை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டாள். வெறுங்காலோடு நிற்கிறான், செருப்பையாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தாள். சொன்னாள்.

"செருப்புப் போட்டா வழுக்குதுடி."

"வழுக்குனா வழுக்கட்டும்."

"நீ பேசாம மடியைப் பாத்துக்கிட்டு இரு."

பொழுது ஏறியது. மூக்கையாவின் மனைவி பிச்சையம்மாள் தலையில் கஞ்சிக் கலயமும் கையில் கருவாட்டுக் கிண்ணமுமாக வந்து சேர்ந்தாள். நாகலெட்சுமி எழுந்திருக்க முடியாத நாள் என்பதால் அன்றைக்கு எல்லோருக்கும் பிச்சையம்மாள் வீட்டுச் சோறு. கம்பங்கூழில் மோர் விட்டுக் கரைத்திருந்தாள். வெங்காயமும் சுட்ட கருவாடும் தொட்டுக்கொண்டு குடித்தார்கள்.

"அக்கா, மொகமே சரியில்லையே," என்று நாகலெட்சுமியின் கையில் கலயத்தைக் கொடுத்தாள் பிச்சையம்மாள்.

"பயமா இருக்கு பிச்சை."

"பயம் எதுக்கு? கட்டை ஒங்கிட்ட இருக்கு. அண்ணன் உசுரு ஒன் முந்தானையில இருக்கு. அப்பிடியே இறுக்கிப் புடிச்சுக்க. ஆம்பளைகளை இப்பிடி முடிஞ்சு வைக்கிற நாளு வருசத்துல ஒண்ணு வாரதே பெருசு."

நாகலெட்சுமி லேசாகச் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"சரி, நான் கொட்டகைக்குப் போறேன். வத்தல்ல வெளுத்த சண்டைப் பெறக்கிப் போடணும். என்ன வெக்கை, ஒடம்பெல்லாம் எரியுது." பிச்சையம்மாள் வரப்பைத் தாண்டித் தங்கள் களத்துக்குப் போனாள். பழுத்த மிளகாய் சிவப்பு ஜமக்காளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை.

ஆண்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். போரின் வாயில் கிளாம்போடு ஒரு குழாய் உட்கார்ந்திருந்தது. கொக்கியைக் கழற்றி ஒதுக்கியாகிவிட்டது. சோணைமுத்து ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழாயருகே போனான். கழுத்திலும் மார்பிலும் வியர்வை வழிந்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்தான்.

பிடித்தவன் அப்படியே நின்றான்.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. எதையோ யோசிக்கிறான் என்று ஹமீது நினைத்தார். ஸ்பேனர் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கால் விரல்கள் மண்ணைப் பிறாண்டின. 'உம்ம்' என்று மாட்டின் தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒரு சத்தம்.

"கரண்டு," என்றார் ஹமீது. "பீஸைப் புடுங்கு, பீஸைப் புடுங்கு."

நாகலெட்சுமி எழுந்து நின்றாள். முந்தானை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே மூன்று பீங்கான் கட்டைகளும் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன.

"இங்கன இருக்குண்ணே. மூணும் இங்கன இருக்கு."

பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அவள் புருஷன் கண்ணெதிரே குழாயோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறான். எங்கே ஓடுவது, எதை அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தவளை ஹமீது குறுக்கே விழுந்து தள்ளினார். "தொட்டா நீயும் போயிருவ" என்று கத்திக்கொண்டே, காய்ந்த சாக்கு ஒன்றை இழுத்தார்.

அப்போது மூக்கையா, போரைப் பார்க்காமல், தன் களத்துப் பக்கம் திரும்பினான். தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏ பிச்சை, பேனை அமத்து. பேன் சுவிட்சை அமத்துடி."

கொட்டகைக்குள் ஏதோ அசைந்தது. மறு நொடி சோணைமுத்துவின் கை குழாயிலிருந்து விடுபட்டது. வெட்டிப் போட்ட வாழைபோல் மல்லாக்கச் சாய்ந்தான்.

ஹமீது அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கினார். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று ஒவ்வோர் அமுக்குக்கும் சொன்னார். நாகலெட்சுமி அவன் உள்ளங்காலைத் தன் இரண்டு கைகளாலும் சூடு பறக்கத் தேய்த்தாள். சொல்லிக் கூப்பிடக் கூடாத பெயரை அவள் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவனுக்கு ஒரு விக்கல் வந்தது. பிறகு இருமல். பிறகு வாந்தி. குடித்த கூழெல்லாம் வெளியே வந்தது.

"மூச்சு இருக்கு," என்று ஹமீது பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வண்டியைப் பூட்டச் சொல்லு."

உள்ளங்கையில் கருகிய கோடு ஒன்று குறுக்கே ஓடியிருந்தது. நாகலெட்சுமி அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மூக்கையாவைப் பார்த்தாள்.

"தம்பி, ஒங்க பேனுக்கும் எங்க குழாய்க்கும் என்ன?"

அதற்குள் பிச்சையம்மாள் ஓடி வந்திருந்தாள். "எதுக்குக் கத்துனீக? ஆத்தாடி, அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"சொல்லுங்க தம்பி. என்ன?"

"விவசாயக் கம்பத்துல மூணு கம்பிதான் மதினி. பல்பு, பேனு எரியணும்னா இன்னொரு கம்பி வேணும். அதுக்குப் பதிலா மண்ணுக்குள்ள எர்த்து குடுத்தா எரியும். எங்க போரு பிளாஸ்டிக் பைப்பு. அதுல எர்த்து நிக்காது. ஒங்களுது இரும்பு..." அவன் வரப்பைக் கையால் காட்டினான். "வரப்புக்கு அடியில வயரைப் பொதைச்சு ஒங்க பைப்புல கட்டிவிட்டேன். கார்த்திகையிலேருந்து இருக்கு. ஒண்ணும் செய்யலையே."

"ஒண்ணும் செய்யாதுய்யா, ஈரம் இருந்த மட்டும்," என்றார் ஹமீது. கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "மோட்டாரு ஓடிச்சு, சுத்திலும் தண்ணி சிந்திச்சு, வந்த கரண்டெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. இப்ப மண்ணு எலும்பாக் காய்ஞ்சு கெடக்கு. போறதுக்கு வழியில்லாம பைப்புலயே நிக்கிது. எவன் தொடுறானோ அவன் வழியாப் போகும். காலையில பேனு ஓடல, அதான் டெஸ்டர் எரியல. நான் ஒரு மடையன், ஒரு தடவை பாத்துட்டு விட்டுட்டேன்."

"பேன் போட்டது நான்தானா?" என்று பிச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நாகலெட்சுமி குனிந்தாள். இரண்டு கைகளாலும் மண்ணை வாரினாள்.

"வேணாம் மதினி," என்றான் மூக்கையா.

"காலையில கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்தீகளே, அப்பக் கூட நெனப்பு வரலையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஒங்க வீட்டு வெளிச்சத்துக்கு என் வீட்டுத் திரியைத்தான் எரிக்கணுமா? ஒங்க களம் காடாப் போக. ஒங்க கையில புடிச்சதெல்லாம்..." வாரிய மண்ணை மூக்கையாவின் களத்தைப் பார்த்துத் தூற்றினாள். காற்று அதைத் திருப்பி எல்லோர் மேலும் போட்டது. மூக்கையா கண்ணைக்கூடத் துடைக்காமல் நின்றான்.

"நாகு," என்று சோணைமுத்து ஈனக்குரலில் கூப்பிட்டான்.

"நீங்க பேசாம படுங்க. இன்னும் எனக்கு ஆறல."

"அவனை வையாத."

"வையாம? கும்பிடணுமா?"

"நம்ம களத்துல பல்பு எரியுதுல்ல." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்தான். "அதுக்கு எர்த்து எங்கன குடுத்திருக்கேன்னு நெனைக்கிற?"

அவளுக்குப் புரியவில்லை. அவர்கள் களம் ரோட்டை ஒட்டி இருந்தது, இந்தப் போருக்கு வெகு தூரம். அதற்குப் பக்கத்தில் இருந்தது செல்லச்சாமியின் போர். சவர்த் தண்ணீர். மாட்டுக்கும் துணி துவைக்கவும் ஆகும்.

"செல்லச்சாமி பைப்புலயா?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். "மேல்கம்பியில கொக்கி போட்டு எடுக்குற கரண்டு. ஒன் மடியில இருக்குற கட்டைக்கு அது நிக்காது. காலையில கொக்கியை எடுக்கணும். நான் இருட்டோட தேவிபட்டினம் போயிட்டேன்... நீ எடுத்தியா?"

"நீங்க எடுத்திருப்பீகன்னு..."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை.

செருப்பில்லாமல் ஓடினாள். காய்ந்த மிளகாய்த் தூர் பாதத்தில் குத்தியது. வரப்பு மண் அனலாகச் சுட்டது. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். செல்லச்சாமியின் மனைவி பஞ்சம்மாள் மத்தியானத்தில் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்க வருவாள். அவள் நேரம்தான் இது. அந்தப் பைப்பில்தான் அவள் குடத்தைச் சாய்த்து வைப்பாள். அதில்தான் கையை ஊன்றி நிமிர்வாள். நாகலெட்சுமி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

களம் வந்தது. மேலே மின்கம்பியில் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. கம்பில் மாட்டியிருந்த பல்பு உச்சிவெயிலில் எரிந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் உள்ளே மஞ்சள் இழை தெரிந்தது.

வடக்கே பஞ்சம்மாள் இடுப்புக் குடத்தோடு போரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"பஞ்சம்மா, தொடாத. பைப்பைத் தொடாத."

காற்று எதிர்த்து அடித்தது. பஞ்சம்மாள் திரும்பவில்லை.

கொக்கி மாட்டுவதற்காகக் களத்தில் கிடந்த மூங்கில் கழியைத் தூக்கினாள். கழியின் நுனி கம்பியில் உரசி வழுக்கியது. மறுபடி தூக்கினாள். கொக்கி ஆடியது, விழவில்லை. பஞ்சம்மாள் குனிகிறாள். நாகலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு கழியை ஓங்கி அடித்தாள். கொக்கி பொறியோடு தெறித்து மிளகாய் வற்றல் மேல் வந்து விழுந்தது. பல்பு அணைந்தது.

பஞ்சம்மாள் பைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தாள்.

"என்னக்கா இப்பிடி ஓடியாறீக? மோட்டாரு எடுத்தாச்சா? அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?"

நாகலெட்சுமி கழியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஒன் கையைக் காட்டு."

"ஏன்?"

"காட்டு பஞ்சம்மா."

காட்டினாள். ஒன்றுமில்லை. வேலை செய்து காய்த்த கை. "ரெண்டு நாளா சாயங்காலம் அந்தப் பைப்பைத் தொட்டா சுர்ரு சுர்ருங்குதுக்கா," என்றாள் பஞ்சம்மாள். "வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். வெயிலு, இரும்பு கொதிக்கும்கிறாரு."

மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கொக்கி கீழே கிடக்கிறது, ஆளும் பிழைத்துவிட்டாள், யாருக்குத் தெரியும். ஆனால் வயர் இன்னும் அந்தப் பைப்பில்தான் கட்டிக் கிடக்கிறது.

"அது வெயிலு இல்ல பஞ்சம்மா. எங்க கரண்டு. எங்க பல்புக்கு ஒங்க பைப்புல எர்த்து கட்டியிருக்காக. எனக்கே இப்பத்தான் தெரியும். அங்கன இவுகளை இதே மாதிரி ஒரு வயருதான் தூக்கி அடிச்சுப் போட்டுருச்சு."

பஞ்சம்மாள் அவளையே பார்த்தாள். பார்வை மெல்ல மாறியது. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மற்ற நாட்களில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிற தன் கைப்பிள்ளை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள்.

நாகலெட்சுமி நகரவில்லை. தூற்றட்டும் என்று நின்றாள்.

கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பஞ்சம்மாளின் கண் நாகலெட்சுமியைத் தாண்டி, ரோட்டோரமாக வரிசையாய்க் கிடந்த களங்களுக்குப் போனது. களத்துக்கு ஒரு கம்பு. கம்புக்கு ஒரு பல்பு.

"அக்கா," என்றாள். "எங்க களத்துலயும் பல்பு இருக்கு."

"அதுக்கு எர்த்து எங்கன?"

"தெரியாதே. நான் கேட்டதே இல்லையே."

மண் அவள் விரல்களின் இடுக்கு வழியே ஒழுகியது. நாகலெட்சுமி மூங்கில் கழியைத் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு பெண்களும் அடுத்த களத்தை நோக்கி ஓடினார்கள்.